நெப்டியூனுக்கு அப்பால்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சூரியக் குடும்பத்தின் ஓரத்தில் பிடிபட்ட 2017 ஓஎஃப்201 என்ற பனிக்கோளத்தைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே திசையில் போகின்றன: அதற்கும் அப்பால் என்ன இருக்கிறது, யாருக்கும் தெரியாத பெரிய கோள் ஏதாவது ஒளிந்திருக்கிறதா? எனவே மற்ற கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்தப் பக்கங்களை முழுக்க இதற்கே கொடுத்துவிடுகிறேன்.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். நாம் இன்னும் பார்க்காத பெரிய கோள் சூரியக் குடும்பத்தில் இருக்கிறதா, இல்லையா?

இருக்க இடம் இருக்கிறது. இருப்பதற்கான தடயம் என்று சில வானியலாளர்கள் காட்டுவதும் இருக்கிறது. கோள் இன்னும் சிக்கவில்லை.

எது இல்லை என்பதை மட்டும் ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். வைஸ் என்ற அகச்சிவப்பு விண்தொலைநோக்கி முழு வானத்தையும் படமெடுத்தது. அந்தப் படங்களை அலசிய கெவின் லூமன் 2014-ல் முடிவை வெளியிட்டார். சனி அளவுள்ள கோள் எதுவும் 10,000 வானியல் அலகு தூரம் வரை இல்லை. வியாழனைவிடப் பெரியது எதுவும் 26,000 அலகு வரை இல்லை. (ஒரு வானியல் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள தூரம், சுமார் 15 கோடி கிலோமீட்டர். நெப்டியூன் இருப்பது 30 அலகில். இந்தப் பக்கம் முழுவதும் இந்த அளவுகோல்தான், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.)

மிச்சம் இருப்பது நடுத்தரக் கோள் ஒன்றுக்கான வாய்ப்பு. பூமியைப்போல ஐந்திலிருந்து பத்து மடங்கு எடை, சில நூறு அலகு தூரம். இப்போது எல்லோரும் தேடுவது இதைத்தான். 'ஒன்பதாம் கோள்' என்று அதற்குப் பெயரும் வைத்தாயிற்று.

கேள்வி: கண்ணால் பார்க்காமலேயே "அங்கே ஒரு கோள் இருக்கிறது" என்று எப்படிச் சொல்கிறார்கள்? வெறும் ஊகம்தானே? நான் ஓய்வுபெற்ற கணக்காளர். ஆதாரம் இல்லாமல் எதையும் ஏற்றுக்கொள்ளப் பழகவில்லை.

ஊகம்தான் ஐயா, ஆனால் கணக்குப் போட்டுச் செய்த ஊகம். பேரேட்டில் கூட்டல் உதைத்தால் எங்கோ ஒரு பதிவு விடுபட்டிருக்கிறது என்று தேடுவீர்கள் இல்லையா, கிட்டத்தட்ட அதேதான்.

1781-ல் வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டுபிடித்தார். அது வானத்தில் எந்த நாளில் எங்கே இருக்கும் என்று அலெக்ஸி புவார் 1821-ல் அட்டவணை போட்டார். யுரேனஸ் அந்த அட்டவணைக்குக் கட்டுப்படவில்லை. வருடம் ஏற ஏற விலகலும் ஏறியது. அப்படியானால் வெளியே இன்னொரு கோள் இருந்து அதை இழுக்கிறதா? பிரான்சில் லெ வெரியே, இங்கிலாந்தில் ஜான் கௌச் ஆடம்ஸ், இருவரும் தனித்தனியாகக் கணக்குப் போட்டார்கள். லெ வெரியே எழுதிய கடிதம் 1846 செப்டம்பர் 23 அன்று பெர்லின் வானாய்வகத்தில் யோஹான் காலேயின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று இரவே தொலைநோக்கியைத் திருப்பினார்கள். டாரஸ்ட் என்ற மாணவர் புதிதாக அச்சான விண்மீன் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டார். காலே ஒவ்வொரு நட்சத்திரமாகச் சொல்லிக்கொண்டே வர, மாணவர் சரிபார்த்துக்கொண்டே வந்தார். ஒரு புள்ளி வந்தபோது, "அது வரைபடத்தில் இல்லை" என்றார். கணக்கு சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகை கூடத் தள்ளி இல்லை. நெப்டியூன் கிடைத்தது அப்படித்தான்.

எல்லோரும் சொல்லும் கதை இது. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, அந்த இரவுக்கு முன்பே எத்தனை பேர் நெப்டியூனைப் பார்த்துவிட்டார்கள் என்பதுதான். 1612 டிசம்பர் 28 அன்று கலிலியோ வியாழனையும் அதன் நிலாக்களையும் வரைந்தபோது, அருகே ஒரு நட்சத்திரத்தையும் குறித்து வைத்தார். அது நெப்டியூன். ஒரு மாதம் கழித்து, அந்த 'நட்சத்திரம்' பக்கத்து நட்சத்திரத்திலிருந்து முந்தின இரவில் இன்னும் கொஞ்சம் விலகியிருந்ததுபோலத் தெரிந்தது என்றுகூட எழுதியிருக்கிறார். விஷயம் அதோடு நின்றுவிட்டது. 1795 மே மாதம் பாரிஸில் லலாண்டின் விண்மீன் பட்டியலுக்காக அதை இரண்டு இரவுகள் அளந்தார்கள். இரண்டு அளவும் ஒத்துப்போகவில்லை. முதல் அளவு பிழை என்று ஒதுக்கிவிட்டார்கள். இரண்டுமே சரியான அளவுகள், கோள்தான் நகர்ந்திருந்தது! 1846 ஆகஸ்டில் கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் சாலிஸ், ஆடம்ஸின் கணக்கை வைத்துக்கொண்டு அதே கோளைத் தேடிக்கொண்டிருந்தார். இரண்டு முறை அதைப் பதிவும் செய்தார். பதிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்காததால், எழுதி வைத்த தாளிலேயே கோள் கிடந்தது.

கண்ணில் படுவது ஒன்று, கண்டுபிடிப்பது வேறொன்று. ஒன்பதாம் கோளைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நீங்கள் ஆதாரம் கேட்பவர் என்பதால் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அதே லெ வெரியே 1859-ல் புதனின் பாதையிலும் சிறு விலகலைக் கண்டார். அதே முறைப்படி, சூரியனுக்கு மிக அருகே 'வல்கன்' என்றொரு கோள் இருக்கவேண்டும் என்றார். பல பத்தாண்டுகள் தேடினார்கள். பார்த்துவிட்டதாகச் சொன்னவர்களும் உண்டு. ஆனால் அப்படி ஒரு கோளே இல்லை. 1915-ல் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடு அந்த விலகலை, ஒரு நூற்றாண்டுக்கு 43 வில்நொடியை (ஒரு வில்நொடி என்பது ஒரு பாகையில் 3,600-ல் ஒரு பங்கு), அப்படியே விளக்கிவிட்டது. உங்கள் பேரேட்டு மொழியில் சொன்னால், பதிவு எதுவும் விடுபடவில்லை, கூட்டல் விதியையே மாற்றவேண்டியிருந்தது.

கேள்வி: புளூட்டோவும் கணக்குப் போட்டுத்தானே கிடைத்தது?

அப்படித்தான் பள்ளியில் எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். உண்மையில் அங்கே கணக்கு தோற்றது, உழைப்பு ஜெயித்தது.

நெப்டியூனைச் சேர்த்த பிறகும் யுரேனஸ் பாதையில் கொஞ்சம் பிசிறு மிச்சம் இருப்பதாகப் பெர்சிவல் லோவல் நம்பினார். அதற்குக் காரணமான கோளுக்கு 'எக்ஸ்' என்று பெயர் வைத்து, அரிசோனாவில் தான் நிறுவிய வானாய்வகத்தில் தேடினார். கிடைக்காமலேயே 1916-ல் இறந்துபோனார். 1915-ல் அதே ஆய்வகம் எடுத்த இரண்டு படங்களில் புளூட்டோ மங்கலாகப் பதிந்திருந்தது, அவருக்குத் தெரியாமலேயே.

வேலையை முடித்தது கிளைட் டோம்பா. கன்சாஸ் பண்ணை வீட்டுப் பையன். கல்லூரிப் படிப்பு இல்லை. சொந்தமாகத் தொலைநோக்கி செய்து கோள்களை வரைந்து அனுப்பியதைப் பார்த்து வேலைக்கு எடுத்தார்கள். அவர் செய்த வேலையைக் கொஞ்சம் நிதானமாகக் கற்பனை செய்து பாருங்கள். வானத்தின் ஒரே பகுதியைச் சில நாள் இடைவெளியில் இரண்டு முறை கண்ணாடித் தட்டுகளில் படமெடுக்கவேண்டும். இரண்டு தட்டுகளையும் ஒரு கருவியில் பொருத்தவேண்டும். கண் வைக்கும் இடம் ஒன்றுதான். ஆனால் உள்ளே ஒரு கண்ணாடி டக் டக்கென்று மாறி மாறி முதல் படத்தையும் இரண்டாம் படத்தையும் காட்டும். நட்சத்திரங்கள் அசையாது. நகரும் எதுவும் முன்னும் பின்னும் துள்ளும். ஒரு தட்டில் லட்சக்கணக்கான நட்சத்திரங்கள். ஒரு சின்னச் சதுரம் பார்ப்பது, நகர்த்துவது, அடுத்த சதுரம். நாள் முழுக்க, மாதக்கணக்கில்.

1930 ஜனவரி 23, 29 தேதிகளில் எடுத்த தட்டுகளை அவர் பிப்ரவரி 18 அன்று பார்த்துக்கொண்டிருந்தார். மிதுன விண்மீன் குழுவில், ஒரு மங்கல் புள்ளி மூன்றரை மில்லிமீட்டர் துள்ளியது. அப்போது அவருக்கு வயது 24.

அந்தப் புள்ளி லோவல் தேடிய கோள் அல்ல. யுரேனஸை இழுக்கும் அளவுக்கு அதற்கு எடையே இல்லை. 1978-ல் புளூட்டோவின் நிலா சாரோன் கிடைத்த பிறகு எடைபோட முடிந்தது. பூமியின் எடையில் ஐந்நூறில் ஒரு பங்குதான். அப்புறம் 1989-ல் வாயேஜர் 2 நெப்டியூனைக் கடந்துபோனதில் நெப்டியூனின் எடை துல்லியமாகத் தெரிந்தது. பழைய மதிப்பில் அரை சதவீதம் பிசகு இருந்திருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் மைல்ஸ் ஸ்டாண்டிஷ் அந்தத் திருத்தத்தோடு மறுபடி கணக்குப் போட்டார். யுரேனஸின் பிசிறு காணாமல் போய்விட்டது. எக்ஸ் கோள் என்று ஒன்று தேவையே இல்லை.

டோம்பா புளூட்டோவோடு நின்றுவிடவில்லை. 1943 வரை தட்டு தட்டாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். வேறு கோள் கிடைக்கவில்லை. அந்த வருடங்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அவற்றின்மேல்தான் மரியாதை அதிகம். 2015-ல் புளூட்டோவைக் கடந்துபோன நியூ ஹொரைசன்ஸ் விண்கலத்தில் அவருடைய அஸ்தியில் ஒரு சிட்டிகை இருந்தது.

கேள்வி: அப்படியானால் இப்போது சொல்லும் ஒன்பதாம் கோளுக்கு என்ன ஆதாரம்? யுரேனஸ் பிசிறுதான் போய்விட்டதே?

சரியான இடத்தில் பிடித்தீர்கள். இப்போதைய வாதம் யுரேனஸை நம்பியே இல்லை.

1992-ல் டேவிட் ஜூவிட்டும் ஜேன் லூவும், புளூட்டோவையும் சாரோனையும் தவிர, நெப்டியூனுக்கு அப்பால் முதல் பனிப்பொருளைக் கண்டுபிடித்தார்கள். அதன்பின் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. இதுதான் கைப்பர் பட்டை. பெரும்பாலானவை நெப்டியூனின் சொல்படி நடப்பவை. 2003-ல் கிடைத்த செட்னா அப்படி இல்லை. அது சூரியனுக்கு மிக அருகில் வரும்போதே 76 அலகு தூரத்தில் இருக்கிறது. மறுமுனையில் 900 அலகைத் தாண்டிப் போகிறது. ஒரு சுற்றுக்குப் பதினோராயிரம் ஆண்டுகளுக்கு மேல். நெப்டியூனின் கை அங்கே எட்டாது. அப்படியானால் அதை அந்தப் பாதையில் கொண்டுபோய் வைத்தது யார்? 2014-ல் ட்ருஹில்லோவும் ஷெப்பர்டும் இதே மாதிரி இன்னொன்றை, 80 அலகுக்கு உள்ளே வராத 2012 விபி113-ஐ அறிவித்தார்கள். இப்படிப்பட்டவற்றின் பாதைகளில் ஓர் ஒற்றுமை தெரிகிறது என்றும் சொன்னார்கள்.

2016 ஜனவரியில் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் கான்ஸ்டன்டின் பேட்டிகினும் மைக் பிரவுனும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மிகத் தொலைவுக்குப் போகும் ஆறு பொருட்களின் நீள்வட்டப் பாதைகள் ஏறக்குறைய ஒரே பக்கமாக நீண்டிருந்தன, ஒரே மாதிரி சாய்ந்தும் இருந்தன. தற்செயலாக இப்படி அமைய 0.007 சதவீதம்தான் வாய்ப்பு என்று கணக்கிட்டார்கள். எதிர்ப்பக்கத்தில் ஒரு கனமான கோள் இருந்து அவற்றை மேய்த்துக்கொண்டிருந்தால் இது பொருந்தும். 2021-ல் திருத்திய கணக்கில் அந்தக் கோளுக்குப் பூமியைப்போல ஆறு மடங்கு எடை, சராசரியாக 380 அலகு தூரம்.

இனி எதிர்வாதம். இதை நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்ளவேண்டும் என்று ஆசைப்படுகிறேன், ஏனென்றால் விஷயத்தின் முடிச்சே இங்கேதான். இந்தப் பனிப்பொருட்கள் சூரியனுக்குக் கிட்டே வரும்போது மட்டுமே கண்ணில் படும். சுற்றின் மிச்சக் காலம் முழுவதும் இருட்டு. தொலைநோக்கிகளும் எல்லாத் திசையிலும் சமமாகப் பார்ப்பதில்லை. பால்வீதி நெரிசலாக இருக்கும் பக்கத்தைத் தவிர்ப்பார்கள். ஒரு குறிப்பிட்ட பருவத்தில்தான் தொலைநோக்கி இருக்கும் மலையில் வானம் தெளிவாக இருக்கும். ஆக, பார்த்த இடத்தில் கிடைத்தது. பார்க்காத இடத்தில் கிடைக்கவில்லை. பாதைகள் ஒரு பக்கமாகக் குவிந்திருக்கின்றனவா, அல்லது நம் தேடல் ஒரு பக்கமாகக் குவிந்திருக்கிறதா? எங்கே பார்த்தோம், எவ்வளவு மங்கல்வரை பார்த்தோம் என்பதையெல்லாம் கவனமாகப் பதிவு செய்த ஓசோஸ் என்ற கணக்கெடுப்பு 2017-ல் தன் பொருட்களை மட்டும் வைத்துப் பார்த்தது. குவியல் எதுவும் தெரியவில்லை. 2021-ல் நேப்பியர் குழு மூன்று கணக்கெடுப்புகளைச் சேர்த்து 14 பொருட்களைப் பார்த்தது. சீராகப் பரவியிருக்கின்றன என்று சொன்னாலும் தப்பில்லை என்றது. தேடல் சார்பைக் கழித்த பிறகும் குவியல் தற்செயலாக இருக்க 0.4 சதவீதம்தான் வாய்ப்பு என்று பிரவுனும் பேட்டிகினும் அதே ஆண்டு பதில் சொன்னார்கள்.

2025-ல் அறிவிக்கப்பட்ட இரண்டு பொருட்கள் கோள் பக்கத்துக்குச் சாதகமாக இல்லை. போன இதழில் சொன்ன 2017 ஓஎஃப்201 குவியலில் சேரவில்லை. சுபாரு தொலைநோக்கியில் கிடைத்த 2023 கேகியூ14, செல்லப்பெயர் அம்மோனைட், எதிர்த்திசையில் நீண்டிருக்கிறது.

என் கருத்தைக் கேட்டால், குவியல் வாதம் பத்து வருடத்துக்கு முன்பு இருந்த பலத்தோடு இன்று இல்லை. ஆனால் செட்னாவின் கேள்வி அப்படியே நிற்கிறது. அதை அங்கே கொண்டுபோனது ஒரு கோளோ, சூரியன் பிறந்த காலத்தில் அருகே கடந்துபோன வேறொரு நட்சத்திரமோ, ஏதோ ஒன்று நடந்திருக்கிறது.

கேள்வி: பல நூறு கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் விண்மீன் மண்டலமே தெரிகிறது. நம் சூரியனைச் சுற்றும் கோள் ஏன் தெரியாது? ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கியைத் திருப்பினால் முடிந்ததே? (பன்னிரண்டாம் வகுப்பு மாணவி)

இந்த மாதம் வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான் அம்மா.

விண்மீன் மண்டலம் தானாக ஒளிர்கிறது, கோடானுகோடி சூரியன்களின் வெளிச்சத்தோடு. கோளுக்குச் சொந்த வெளிச்சம் இல்லை. சூரியன் கொடுப்பதைத்தான் திருப்பி அனுப்பவேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் அதற்குக் கிடைக்கும் சூரிய ஒளி நான்கில் ஒரு பங்காகும். அது திருப்பி அனுப்பும் ஒளியும் நம்மிடம் வருவதற்குள் நான்கில் ஒரு பங்காகும். இரண்டையும் பெருக்கினால் பதினாறில் ஒரு பங்கு. இப்போது நெப்டியூனை 30 அலகிலிருந்து தூக்கி 600 அலகில் வைப்போம். தூரம் 20 மடங்கு. இருபதை நான்கு முறை பெருக்கிப் பார்: 1,60,000. அத்தனை மடங்கு மங்கிப்போகும். இத்தனைக்கும் ஒன்பதாம் கோள் நெப்டியூனைவிடச் சிறியதாகத்தான் இருக்கும் என்கிறார்கள். சூரியனிலிருந்து கிளம்பிய ஒளி 600 அலகைத் தொடவே மூன்றரை நாளாகும்.

இரண்டாவது சங்கடம், அசைவு. அவ்வளவு தூரத்தில் இருக்கும் பொருள் வானத்தில் நகர்வதுபோலத் தெரிவது பெரும்பாலும் பூமியின் ஓட்டத்தால்தான். நல்ல சமயத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 6 வில்நொடி, அதாவது முழுநிலாவின் அகலத்தில் முந்நூறில் ஒரு பங்கு. ஒரே ஒரு படத்தில் அது சாதாரண மங்கல் நட்சத்திரம். வேறுபாடு எதுவும் தெரியாது.

ஜேம்ஸ் வெப்புக்கு இதைப் பார்க்கும் சக்தி தாராளமாக உண்டு. ஆனால் எங்கே பார்க்கச் சொல்வது? அதன் கேமரா ஒரு தடவை மூடும் பரப்பை வைத்து முழு வானத்தையும் மூட ஏறக்குறைய ஒன்றரைக் கோடி படங்கள் எடுக்கவேண்டும். அதையும் இரண்டு முறை எடுக்கவேண்டும், அசைவு தெரிய!

இதற்கு வேண்டியது அகலமான பார்வை. சிலியில் செரோ பச்சோன் மலையில் வேரா ரூபின் வானாய்வகம் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்டது. 8.4 மீட்டர் ஆடி, 320 கோடி பிக்சல் கேமரா. ஒரே படத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட முழுநிலாக்கள் அளவு வானம் அடங்கும். தெற்கு வானத்தின் ஒவ்வோர் இடத்தையும் பத்து ஆண்டுகளில் எண்ணூறு முறையளவுக்குப் படமெடுக்கப்போகிறது. டோம்பாவின் இரண்டு தட்டு எண்ணூறாகிவிட்டது என்று வைத்துக்கொள். துள்ளுவதைப் பிடிக்கும் வேலையை இப்போது கணினி செய்கிறது.

கேள்வி: 2025-ல் "ஒன்பதாம் கோள் கிடைத்துவிட்டது" என்று செய்தி வந்ததே?

செய்தியின் தலைப்பு ஓடிய வேகத்துக்கு விஷயம் இல்லை. தைவானைச் சேர்ந்த ஆய்வுக்குழு ஒன்று, 1983-ல் ஐராஸ், 2006-ல் அகாரி என்ற விண்தொலைநோக்கிகள் எடுத்த அகச்சிவப்பு வானப் பதிவுகளை ஒப்பிட்டது. 23 ஆண்டுகளில் ஒரு தொலைதூரக் கோள் எவ்வளவு நகர்ந்திருக்குமோ அவ்வளவு தள்ளி ஒரு ஜோடிப் புள்ளி தேறியது. இரண்டு புள்ளியை வைத்துப் பாதை போட முடியாது. அவை இரண்டும் ஒரே பொருள்தான் என்பதற்கே உறுதி இல்லை. அது உண்மையான கோளாக இருந்தாலும், தாங்கள் சொல்லும் ஒன்பதாம் கோளின் பாதைக்குப் பொருந்தாது என்று பிரவுனே சொல்லிவிட்டார். ஆனால் முறை அருமையானது. நாற்பது வருடம் பழைய பதிவை எடுத்துத் தூசி தட்டிப் பார்க்கிறார்கள் பாருங்கள், அதுதான் சரியான வழி. 2017 ஓஎஃப்201 கிடைத்ததும் அப்படியே. வேறு வேலைக்காக எடுத்து, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று திறந்து வைத்திருந்த பழைய படங்களிலிருந்துதான் ஸிஹாவ் செங் குழு அதைத் தோண்டி எடுத்தது.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. நிபிரு என்ற கோள் பூமியில் வந்து மோதும் என்று ஏதோ வீடியோ பார்த்துவிட்டு இரவில் தூங்க மாட்டேன் என்கிறான். என்ன சொல்லிப் புரியவைப்பது?

அவனிடம் இதைச் சொல்லுங்கள் அம்மா. பூமியை நோக்கி ஒரு கோள் வந்துகொண்டிருந்தால் அதை மறைக்க யாராலும் முடியாது. வருவதற்குப் பல வருடங்கள் முன்பே வெறுங்கண்ணுக்கே தெரியும். உலகம் முழுக்கச் சொந்தத் தொலைநோக்கி வைத்திருக்கும் லட்சம் பேர் ஒரே நேரத்தில் கூச்சல் போடுவார்கள். இந்தக் கோள் 2003-ல் வரும் என்றார்கள், வரவில்லை. 2012-ல் வரும் என்றார்கள், வரவில்லை. வானியலாளர்கள் தேடும் ஒன்பதாம் கோள் வேறு. அது கிட்டே வரும்போதே நெப்டியூனைவிடப் பல மடங்கு தள்ளித்தான் இருக்கும்.

குழந்தைகளைப் பயமுறுத்திப் பார்வையாளர் எண்ணிக்கை சேர்ப்பவர்கள்மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் இருக்கிறது. முடிந்தால் ஒரு மாலையில் பையனை வெளியே கூட்டிக்கொண்டு போய், சனியையோ வியாழனையோ சுட்டிக்காட்டி, அது தன் பாதையில் ஒழுங்காகப் போவதைச் சில வாரம் சேர்ந்து பாருங்கள். பயம் குறையும்.

கேள்வி: ஒன்பதாம் கோள் என்பது கோளே அல்ல, கருந்துளை என்கிறார்களே?

2019-ல் ஷோல்ட்ஸ், அன்வின் என்ற இருவர் முன்வைத்த யோசனை. பூமியைப்போல ஐந்து மடங்கு எடையுள்ள கருந்துளையின் குறுக்களவு 9 சென்டிமீட்டர்தான், கைக்குள் அடங்கிவிடும். ஈர்ப்புக் கணக்குக்கு எடை மட்டும் போதும் என்பதால் தர்க்கத்தில் பிழை இல்லை. ஆனால் அப்படிப்பட்ட சின்னக் கருந்துளை ஒன்றுகூட இதுவரை எங்கும் கண்டறியப்படவில்லை. கோளைத் தேடி முடித்துவிட்டு அப்புறம் அங்கே போகலாம்.

கேள்வி: அவ்வளவு பெரிய கோள் அவ்வளவு தூரத்தில் எப்படி உருவாகும்?

அங்கே உருவாகியிருக்காது. ஒரு கோள் திரளத் தேவையான பொருள் அந்தத் தூரத்தில் இல்லை. வியாழன், சனி பகுதியில் பிறந்து, அவற்றின் ஈர்ப்பில் வெளியே வீசப்பட்டு, முழுக்கத் தப்பிப் போகாமல் பாதியில் தங்கியிருக்கலாம். சூரியன் தன் உடன்பிறப்பு நட்சத்திரங்களோடு கூட்டமாக இருந்த காலம் அது. பக்கத்து நட்சத்திரங்களின் இழுப்பு அதை அங்கே நிலைநிறுத்தியிருக்கலாம்.

இதில் என்னை ஈர்ப்பது வேறொன்று. மற்ற நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களில் பூமிக்கும் நெப்டியூனுக்கும் இடைப்பட்ட அளவுள்ளவை மிகச் சாதாரணம். நம்மிடம் அந்த அளவில் ஒன்றுகூட இல்லை. பூமிக்கு அடுத்த கனம் யுரேனஸ்தான், பதினாலரை மடங்கு. ஒன்பதாம் கோள் இருந்தால் சரியாக அந்த இடைவெளியில் வந்து உட்காரும்.

கேள்வி: என்னிடம் தொலைநோக்கி இல்லை. கணினி மட்டும் இருக்கிறது. தேடலில் நான் எதுவும் செய்ய முடியுமா?

முடியும். 2017 பிப்ரவரியில் நாசாவின் ஆதரவோடு 'பேக்யார்ட் வேர்ல்ட்ஸ்: பிளானட் 9' என்ற திட்டம் ஸூனிவர்ஸ் தளத்தில் தொடங்கியது. வைஸ் எடுத்த படங்களை, வெவ்வேறு வருடங்களில் எடுத்த அதே இடத்தை, அடுத்தடுத்துப் புரட்டிக் காட்டும். நகர்வதைக் குறிக்கவேண்டும், அவ்வளவுதான். டோம்பாவின் கருவியேதான் இது, வீட்டுத் திரையில்.

நானும் இரவுகளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதலில் திரை முழுக்க எல்லாமே நகர்வதுபோல இருக்கும். பிரகாசமான நட்சத்திரத்தைச் சுற்றி முள் முள்ளாக ஒளிக்கீற்றுகள், அவை படத்துக்குப் படம் திரும்பும். அவற்றின் பிம்பங்கள் மங்கலாக ஒரு பக்கம் ஒதுங்கி நின்று ஏமாற்றும். கொஞ்சம் பழகியதும் கண் அவற்றை ஒதுக்கக் கற்றுக்கொள்ளும். மிக மெதுவாக நகரும் பொருள் ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் கறுப்பு என ஒட்டிய ஜோடியாகத் தெரியும். வேகமானது தத்தித் தத்திப் போகும். என் கண்ணில் கோள் எதுவும் படவில்லை. ஆனால் திட்டம் தொடங்கிய சில நாட்களுக்குள்ளேயே தன்னார்வலர்கள் புதிய பழுப்புக் குறுமீன் (நட்சத்திரமாக எரியும் அளவுக்கு எடை சேராத பொருள்) ஒன்றைப் பிடித்துவிட்டார்கள். அதன்பின் அந்த வகையில் ஆயிரக்கணக்கில் தேறியிருக்கின்றன. கோளைத் தேடப் போய்ச் சூரியனின் அண்டைவீட்டார் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது.

"பார்த்தேன், ஒன்றும் இல்லை" என்று குறிப்பதும் வேலைதான். 2024-ல் பிரவுன், ஹோல்மன், பேட்டிகின் மூவரும் மூன்று பெரிய கணக்கெடுப்புகளைச் சேர்த்துப் பார்த்து, ஒன்பதாம் கோள் இருக்கக்கூடிய வாய்ப்புகளில் 78 சதவீதத்தை அடித்துவிட்டார்கள். கோள் இருக்கிறது என்று முதலில் சொன்ன இருவரே அதில் கூட்டு. மிச்சம் இருப்பதில் பெரும்பகுதி மங்கலான மூலைகளும் பால்வீதி நெரிசலும்தான்.

கேள்வி: அங்கிள், அப்பா எனக்குப் பைனாகுலர் வாங்கித் தந்திருக்கிறார். ஒன்பதாம் கோள் கிடைத்ததும் அதில் தெரியுமா? (ஏழாம் வகுப்பு)

தெரியாது தம்பி, அது பெரிய பெரிய தொலைநோக்கிகளுக்கே சிரமம். ஆனால் நெப்டியூன் தெரியும். கலிலியோவும் லலாண்டும் தவறவிட்டதை நீ பிடிக்கலாம்.

இப்போது சில வருடங்களுக்கு நெப்டியூன் மீன விண்மீன் குழுவில்தான் இருக்கும். செப்டம்பர், அக்டோபர் இரவுகள் தோது. நிலா இல்லாத இரவாகப் பார். கைப்பேசியில் வான்வரைபடச் செயலி எதிலாவது அதன் இடத்தைத் தெரிந்துகொண்டு, பைனாகுலரை எதன்மேலாவது அசையாமல் ஊன்றிக்கொள். கை நடுங்கினால் ஒன்றும் தெரியாது. நட்சத்திரம் மாதிரியே ஒரு மங்கல் புள்ளிதான். வட்டமாகவோ நீலமாகவோ எதிர்பார்க்காதே. அதனால் எது நெப்டியூன் என்று அவசரப்பட்டு முடிவு செய்யவேண்டாம். தெரிகிற எல்லாப் புள்ளிகளையும் நோட்டில் அதே இடைவெளியில் வரைந்து, தேதியும் நேரமும் எழுதிவை. பத்து நாள் கழித்து, முதல் தாளைப் பார்க்காமல், மறுபடி வரை. அப்புறம் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வை. ஒரே ஒரு புள்ளி மட்டும் நிலாவின் அகலத்தில் பாதியளவு தள்ளிப் போயிருக்கும். இரண்டு தாளையும் படமெடுத்து எனக்கு அனுப்பு, அடுத்த இதழில் போடுவோம்.